கால்நடைக் கட்டிகளும் மனித நோயும்: எது தாவும், எது தாவாது, எதைக் கீறக் கூடாது

#1 நுண்ணோக்கி

மாட்டின் மேல் கட்டி கண்டதும் வரும் முதல் கேள்வி, "இது நமக்கும் ஒட்டுமா?" என்பதுதான். மறுபக்கம் பார்த்தால், கையில் முண்டு வந்த ஒருவர் மருத்துவரிடம் போகிறார். ஆடு வளர்க்கிறாரா, பால் கறக்கிறாரா, பூனை கீறியதா என்ற கேள்வி பல நேரம் வருவதே இல்லை. இரண்டையும் ஒரே இழையில் பேசுவோம்.

கட்டியைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும் பத்துக் கட்டிகளுக்குப் பத்துக் காரணம் உண்டு. கை வைத்துப் பார்க்க வேண்டும், நாளைக் கணக்கிட வேண்டும். நான்கு விஷயம் தெரிந்தால் பெயர் பாதி தெரிந்த மாதிரி: எவ்வளவு ஆழம், எத்தனை நாளில் வந்தது, ஒரே வரிசையில் ஏறுகிறதா, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறதா.

லம்ப்பி என்று பரவலாகச் சொல்லப்படும் தோல் கழலை நோயையே எடுத்துக்கொள்வோம். முதலில் காய்ச்சல், பல மாடுகளில் 40.5 டிகிரிக்கு மேல். அது தொடங்கி ஓரிரு நாளில் அரை செ.மீ. முதல் 5 செ.மீ. வரை உருண்டையான, கெட்டியான கட்டிகள் எழும்பும். தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கினால் கட்டியும் கூடவே வரும், ஏனென்றால் அது தோலின் முழுத் தடிமனிலும் உட்கார்ந்திருக்கிறது. தோள்பட்டைக்கு முன்னாலும் தொடைக்கு முன்னால் மடிப்பு விழும் இடத்திலும் நெறி பெரிதாகித் தெரியும். பின்னர் கட்டியின் நடுப்பகுதி செத்து, தக்கை போல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது விழுந்தால் குழி, குழியில் சீழ், சில நாளில் புழு.

பூச்சிக் கடியாலோ ஒவ்வாமையாலோ வரும் தடிப்பு அப்படியல்ல. காணாக்கடி மாதிரி சில மணி நேரத்தில் உடம்பெங்கும் எழும்பி, ஓரிரு நாளில் அமுங்கிவிடும். காய்ச்சலும் நெறியும் பெரிதாக இருக்காது. மாட்டு ஹெர்பிஸ் வைரஸ் 2 வகையால் வரும் போலி லம்ப்பியோ மேல்தோலோடு நின்றுவிடும், சீக்கிரம் ஆறும். முதல் நாள் மூன்றையும் குழப்பிக்கொள்வது இயல்பு. மூன்றாம் நாளும் குழப்பம் நீடித்தால் பொருக்கு எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்க்க வேண்டியதுதான்.

லம்ப்பி மனிதருக்கு வராது. 1929-ல் ஜாம்பியாவில் முதலில் பதிவான நோய் இது. இத்தனை ஆண்டுகளில் இத்தனை நாடுகளில் பரவியும், மனிதரைத் தாக்கும் நோயாக இது நிலைநாட்டப்படவில்லை.

#2 கறவைமடி

நுண்ணோக்கி சார், இந்தக் கடைசி வரியில்தான் நடைமுறைச் சிக்கல். லம்ப்பி பரவும் காலத்தில் பால் கறப்பவர் விரலில் சிவந்த முண்டு வந்தால் ஊரே "லம்ப்பி ஒட்டிக்கொண்டது" என்கிறது. வராது என்று சொன்னால், விரலைக் காட்டுகிறார்கள். அப்படியானால் அந்த முண்டு என்ன?

#3 தோல்_வெளி

கறவைமடி கேட்டது சரியான கேள்வி. அந்த முண்டு பெரும்பாலும் கறவையாளர் முண்டு. போலி மாட்டம்மை வைரஸ் தருவது. லம்ப்பி வைரஸும் இதுவும் அம்மைக் குடும்பம்தான், ஆனால் கிளை வேறு. லம்ப்பி காப்ரிபாக்ஸ், இது பாராபாக்ஸ். ஆடுகளின் வாயைப் புண்ணாக்கும் ஆர்ஃப் வைரஸும் இதே பாராபாக்ஸ் கிளைதான், மனிதக் கையில் இரண்டையும் பார்வையால் பிரிக்க முடியாது.

ஆகவே அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது மாட்டின் முதுகை அல்ல, காம்பை. போலி மாட்டம்மையில் காம்பின் மேல் பொருக்கு கட்டி, நடு ஆறி, விளிம்பு மட்டும் நிற்கும்போது குதிரை லாடம் மாதிரி வளைந்து தெரியும். அந்த வளைவு கண்ணில் பட்டுவிட்டால் விரல் முண்டுக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மனிதக் கையில் ஓட்டம் இப்படி: தொட்டு 5 முதல் 14 நாளுக்குள் சிவந்த சிறு முடிச்சு, ஒன்றோ சிலவோ. அடுத்து நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம், அதைச் சுற்றி மீண்டும் சிவப்பு என்று இலக்குப் பலகை போல் ஆகும். பிறகு நீர் கசியும், பொருக்கு கட்டும், மேற்பரப்பு சொரசொரப்பாகும், அமுங்கும். ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ ஒரு வாரம், மொத்தம் சுமார் ஆறு வாரம். அக்குளில் நெறி கட்டலாம், லேசான காய்ச்சல் வரலாம். ஆறிய பின் பெரும்பாலும் வடுவும் இருக்காது.

கெடுப்பது சிகிச்சைதான். சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறுகிறார்கள். உள்ளே சீழ் இல்லை, வீங்கிய திசுதான் இருக்கிறது. கீறினால் ரத்தம் வரும், புண் பெரிதாகும், கூடவே பாக்டீரியாவும் நுழையும். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. பாக்டீரியா சேர்ந்துவிட்டதற்கான அடையாளம் இருந்தால் மட்டும் தேவைப்படும். சுத்தம் செய்து, உலர்ந்த கட்டுப் போட்டு, மூடி வைத்து, காத்திருக்க வேண்டும். புற்றுநோய் மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் போன்ற எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்களுக்கு இது காலிஃபிளவர் அளவுக்கு வளர்ந்து, தானாக அடங்காமல் நிற்கலாம். அவர்கள் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. ஆந்த்ராக்ஸ் தோல் புண்ணும் கால்நடை தொட்ட கையில்தான் வரும். அது வலிக்காது, சுற்றிலும் பெரிய நீர் வீக்கம், நடுவில் கரிக்கட்டை மாதிரி கறுப்புப் பொருக்கு, எல்லாம் சில நாளிலேயே. திடீரென்று செத்த மாட்டை உரித்த கை என்றால் ஆறு வாரம் காத்திருக்கும் பேச்சே இல்லை, அன்றே மருத்துவமனை.

#4 நுண்ணோக்கி

தோல்_வெளி சொன்னதோடு ஒரு பழைய கதை சேர்கிறது. 1796-ல் ஜென்னர் மாட்டம்மைப் புண்ணிலிருந்து எடுத்துப் பெரியம்மைக்குக் காப்பு போட்டார் அல்லவா, மாட்டின் காம்பில் வருவதெல்லாம் காப்பு தருவதில்லை என்றும் அவர் கவனித்திருந்தார். காப்பு தராததைப் போலி என்று பிரித்தார். இன்று நாம் சொல்லும் போலி மாட்டம்மைக்கு அந்தப் பெயர் வந்த வழி அது.

மாட்டம்மை, எருமையம்மை இரண்டும் பெரியம்மைக்கு நெருங்கிய உறவு, ஆர்த்தோபாக்ஸ் கிளை. எருமையம்மை கறப்பவர் கைக்கும் முகத்துக்கும் வரும், காய்ச்சலும் நெறியும் பாராபாக்ஸை விட அதிகம். 1980-ல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்துத் தடுப்பூசி நின்ற பிறகு பிறந்தவர்களுக்கு இந்தக் கிளைக்கு எதிரான பழைய காப்பு கிடையாது.

#5 பட்டிக்காவல்

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஆர்ஃப் பற்றி இரண்டு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஒன்று, குட்டியின் வாயில் பொருக்கு இருக்கும்போது வெறுங்கையால் பால் புட்டி கொடுக்கக் கூடாது. விரலைச் சப்ப விடவும் கூடாது. நகக்கண்ணில் சிறு வெடிப்பு போதும். உதிர்ந்த பொருக்கு உலர்ந்த கொட்டிலில் மாதக் கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும், அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்குத் தயாராக.

இரண்டு, ஆர்ஃப் தடுப்பூசி உயிருள்ள வைரஸ். தோலைச் சுரண்டித் தேய்க்கும் இடத்தில் உண்மையான நோய்ப் பொருக்கே உருவாகும். போடுபவர் கையுறை இல்லாமல் சுரண்டினால் அவருக்கே போட்டுக்கொண்ட கணக்கு. இந்த நோய் எட்டிப் பார்க்காத பட்டியில் அதைப் போடுவது, நோயை நாமே கொண்டுவந்து இறக்குவது.

#6 ஈரநிலம்

ஆட்டுக்குக் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டு வருகிறதே, அதை என்ன செய்வது? பழுத்ததும் கீறிவிட்டு மஞ்சள் வைத்தால் ஆறிவிடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள்.

#7 பட்டிக்காவல்

அந்த ஆட்டுக்கு ஆறிவிடும், பட்டிக்கு ஆறாது. அதுதான் விஷயம்.

காதுக்குக் கீழே, தாடைக் கோணத்தில், தோள்பட்டைக்கு முன்னால், தொடைக்கு முன்னால், மடிக்கு மேலே: நெறி இருக்கும் இந்த இடங்களில் கெட்டியாக உருண்டு வரும் கட்டி என்றால் முதல் சந்தேகம் கேசியஸ் நெறிக்கட்டி. கொரினிபாக்டீரியம் சூடோடியூபர்குலோசிஸ் என்ற பாக்டீரியா. உள்ளே பசுமஞ்சள் நிறத்தில் பற்பசை போல் கெட்டியான சீழ், நாற்றம் பெரிதாக இருக்காது. செம்மறியில் நாள்பட்ட கட்டியை இரண்டாக அறுத்தால் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல் அடுக்கடுக்காக வளையம் தெரியும். வெள்ளாட்டில் அந்த அடுக்கு அவ்வளவு தெளிவாக இருக்காது.

அந்தச் சீழ் ஒரு சொட்டு மண்ணில் விழுந்தாலும் மாதக்கணக்கில் கிருமி உயிரோடு இருக்கும். தீவனத் தொட்டியின் விளிம்பு, மயிர் கத்தரிக்கும் கருவி, வேலி முள் எல்லாமே அடுத்த ஆட்டின் தோல் கீறலுக்குள் கொண்டுபோய் விடும். பட்டிக்குள்ளேயே கீறிவிட்டு மஞ்சள் வைப்பவர் அடுத்த ஆண்டுக்கு ஐந்து ஆட்டுக்கு விதைக்கிறார்.

கீறுவதற்கு முன் அது கீறத் தக்கதுதானா என்று பாருங்கள். தாடைக்குக் கீழே வீக்கம், கட்டை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல நிரம்புகிறது, தலை குனிந்து மேய்ந்த பின் மாலையில் பெரிதாகி விடியலில் குறைகிறது என்றால் அது கட்டியே இல்லை. இரைப்பைப் புழு ரத்தம் குடித்ததால் தேங்கிய நீர். கண் இமையைப் பிதுக்கினால் வெள்ளையாக இருக்கும். அதைக் கீறுவது ஆட்டைக் கொல்லும் வழி, குடற்புழு மருந்துதான் தேவை. நன்றாகப் பால் குடிக்கும் குட்டியின் தொண்டையில் மெத்தென்று இருக்கும் வீக்கம் பல நேரம் தைமஸ் சுரப்பிதான், வளர வளரத் தானே சுருங்கும்.

நெறிக்கட்டிதான் என்றால்: ஆட்டைத் தனியே, கழுவக்கூடிய தரையில் நிறுத்துங்கள். கட்டியின் உச்சியில் மயிர் உதிர்ந்து தோல் மெலிந்து மெத்தென்று ஆகும் வரை பொறுக்க வேண்டும், அதேசமயம் தானாக உடையவும் விடக் கூடாது. அந்த இடைவெளி சில நாள்தான். கையுறை, கண்ணுக்கு மறைப்பு. முதலில் தடித்த ஊசியால் உறிஞ்சிப் பார்த்துச் சீழ்தான் என்று உறுதி செய்யுங்கள். காதுக்குக் கீழே உமிழ்நீர் சுரப்பியும் முக நரம்பும் பெரிய ரத்தக் குழாயும் பக்கத்தில் இருக்கின்றன, அந்த இடத்தைக் கால்நடை மருத்துவர்தான் தொட வேண்டும். கீறல் மேலிருந்து கீழாக, கட்டியின் தாழ்ந்த முனை வரை. சீழைத் தரையில் விடாமல் உறையில் வாங்கி, பஞ்சோடு எரிக்க வேண்டும். நீர்த்த போவிடோன் அயோடினால் உள்ளே கழுவுங்கள், தினமும். வாய் மூடி, கசிவு நின்று, பொருக்கு விழும் வரை தனிமை, மூன்று நான்கு வாரம் ஆகலாம்.

கட்டிக்குள் ஃபார்மலின் ஏற்றும் பழக்கத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வேண்டாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், பாலும் இறைச்சியும் தரும் உடம்பில் அதற்கு இடமில்லை.

#8 ஈரநிலம்

ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக் கரைக்க முடியாதா?

#9 பட்டிக்காவல்

ஆய்வகத் தட்டில் பல மருந்துக்கும் அடங்கும் கிருமிதான். கட்டியைச் சுற்றி நார்த் திசு தடித்த உறையாக நிற்கிறது, கிருமி வெள்ளணுவுக்குள்ளேயே வாழ்கிறது. மருந்து உள்ளே போய்ச் சேராது. திரும்பத் திரும்ப வரும் ஆட்டை, குறிப்பாகத் தீனி தின்றும் இளைத்துக்கொண்டே போகும் ஆட்டை, மந்தையிலிருந்து விலக்குவதே மேல். நுரையீரலிலும் ஈரலிலும் உள்கட்டி இருக்க வாய்ப்பு அதிகம், இருமும்போது பரப்பும்.

மனிதருக்கும் அபூர்வமாக வரும். ஆட்டோடும் ஆட்டிறைச்சியோடும் வேலை செய்பவர்களுக்கு அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் மாதக்கணக்கில் கரையாத நெறி.

#10 நெறிக்கோல்

கழுத்து நெறி என்றதும் காசநோயைப் பேசாமல் நகர முடியாது. கண்டமாலை என்று நம் பழைய வைத்தியம் பெயர் வைத்த நோய், கழுத்தைச் சுற்றி மாலை கோத்தது போல் நெறி நெறியாக உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, பழுத்து உடைவது, அதில் ஒரு பங்கு மாட்டிலிருந்து பாலின் வழியே வருவது. காய்ச்சாத பாலில் உள்ள மைக்கோபாக்டீரியம் போவிஸ் தொண்டை வழியே இறங்குவதால் கழுத்து நெறியும் வயிறும் முதலில் பாதிக்கப்படுகின்றன, நுரையீரல் அல்ல.

காசநோய்க்கு ஆங்கிலத்தில் உள்ள டியூபர்குலோசிஸ் என்ற பெயரே சிறு முடிச்சு என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மாட்டின் நெஞ்சறைச் சவ்வில் அது பளபளப்பாக முத்துக் கொத்து போல் தொங்கும், ஜெர்மனியில் முத்து நோய் என்றே அழைத்தார்கள். 1882-ல் கிருமியைக் கண்டுபிடித்த கோக், 1901-ல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார். அதைச் சோதிக்க அமைத்த பிரிட்டிஷ் ராயல் கமிஷன் 1911-ல் இறுதி அறிக்கை தந்து, அவர் சொன்னது தவறு என்று நிறுவியது. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் கட்டியை வெட்டிக் கிருமியை வளர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இறைச்சிச் சோதனையில் அது எப்படித் தெரியும் என்றால்: தொண்டைக்குப் பின்னுள்ள நெறி, மூச்சுக்குழல் பிரியும் இடத்து நெறி, நுரையீரல்களுக்கு நடுவில் உள்ள நெறி, இவற்றை மெல்லிய சீவல்களாக அறுக்க வேண்டும். ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்து பார்த்தால் பட்டாணி அளவுப் புள்ளி தப்பிவிடும். கத்தி திசுவில் வழுக்கிக்கொண்டு போகும்; காசநோய்ப் புள்ளி வந்ததும் மணலில் இழுத்தது போல் நறநறவென்று கைக்குத் தட்டுப்படும், சுண்ணாம்பு படிந்திருப்பதால். வெட்டிய முகத்தில் பாலாடைக்கட்டி போல் மஞ்சள் வெள்ளையாக, உதிரியாக, சுற்றிலும் நார் வளையத்தோடு இருக்கும். ஆட்டின் வெங்காய அடுக்குக் கட்டியோடு குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் பார்வையோடு நிறுத்தாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

உயிருள்ள மாட்டில் டியூபர்குலின் சோதனை, அதாவது காசக் கிருமியிலிருந்து எடுத்த புரதத்தைத் தோலில் ஏற்றிப் பார்ப்பது. கழுத்தில் மயிர் கத்தரித்து, தோல் மடிப்பின் தடிமனைக் காலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு, 0.1 மி.லி. தோலுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் விரலுக்குப் பட்டாணி போல் ஒரு புடைப்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது என்று பொருள், அந்தச் சோதனை செல்லாது. 72 மணி நேரம் கழித்து அதே கை, அதே காலிப்பர். ஒற்றைச் சோதனையில் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால் நோய் உண்டு என்று கொள்வார்கள். பறவைக் காசக் கிருமி டியூபர்குலினையும் பக்கத்தில் ஏற்றி ஒப்பிடும் முறையில், மாட்டு வகையின் தடிப்பு பறவை வகையை 4 மி.மீ.க்கு மேல் மிஞ்ச வேண்டும். சந்தேகமாக வந்ததென்று மறுவாரமே திரும்பச் செய்வது பயனற்றது. முதல் ஊசியால் தோலின் உணர்வு மழுங்கியிருக்கும், குறைந்தது 42 நாள் விட வேண்டும்.

#11 தோல்_வெளி

நெறிக்கோல் ஐயாவின் பதிவோடு மனித மருத்துவப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. மைக்கோபாக்டீரியம் போவிஸ் பைரசினமைடு மருந்துக்கு இயற்கையிலேயே அடங்காது. வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் அந்த மருந்து ஒரு தூண். மாட்டு வகை என்று தெரிந்தால் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் பொதுவாக ஒன்பது மாதத்துக்கு நீட்டுவார்கள்.

விரைவு மரபணுச் சோதனைகளில் பல, காசக் கிருமிக் குழு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எது என்று பிரிக்காது. வளர்ப்பிலும் சிக்கல் உண்டு: கிளிசரின் சேர்த்த வழக்கமான முட்டை ஊடகத்தில் மாட்டு வகை நோஞ்சானாகத்தான் வளரும், பைருவேட் சேர்த்த ஊடகம் வேண்டும். ஆகவே கழுத்து நெறியோடு வருபவர் பச்சைப் பால் குடிப்பவர், மாடு வளர்ப்பவர் என்றால் அதை விண்ணப்பத் தாளில் எழுதினால்தான் ஆய்வகம் பைருவேட் ஊடகத்தில் போடும்.

பாலில் உள்ள கிருமி சாக 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. வீட்டில் பொங்கக் காய்ச்சினால் இரண்டையும் தாண்டிவிடும்.

#12 மஞ்சணத்தி

பன்றி இறைச்சியில் வெள்ளை வெள்ளையாக அரிசி போல் இருப்பது மூளைக்குப் போகும் என்கிறார்களே, அதுவும் இந்த இழைக்குள் வருமா?

#13 புழுவியல்

வரும். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு படி விடுபட்டிருக்கிறது, அந்தப் படியை விட்டதால்தான் தடுப்பே தவறான இடத்தில் நடக்கிறது.

இறைச்சியில் உள்ளது நாடாப்புழுவின் இளம்பருவப் பை. அரை முதல் ஒரு செ.மீ., ஒளி ஊடுருவும் நீர்ப்பை, உள்ளே வெள்ளைப் புள்ளியாகப் புழுவின் தலை. சரியாக வேகாத அந்த இறைச்சியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். அவ்வளவுதான், மூளைக்குப் போகாது. அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் முட்டை வரும். கழுவாத கையாலோ, தண்ணீராலோ, பச்சைக் கீரையாலோ அந்த முட்டை ஒருவர் வாய்க்குள் போனால்தான் தசையிலும் தோலடியிலும் கண்ணிலும் மூளையிலும் பை உருவாகும். வாழ்நாளில் பன்றி இறைச்சியே தொடாதவருக்கும் மூளையில் வரும், வீட்டில் யாருக்காவது புழு இருந்தால் போதும்.

தோலடியில் அது வலியில்லாத, நகரும், 1 முதல் 2 செ.மீ. முடிச்சு. கொழுப்புக் கட்டி என்று விட்டுவிடுவார்கள். வலிப்பு வந்தவரின் உடம்பில் இப்படி இரண்டு மூன்று முடிச்சு தட்டுப்பட்டால், ஒன்றை எடுத்துத் திசுச் சோதனை செய்வது மூளைக் கட்டியின் பெயரையும் சொல்லிவிடும்.

குடற்புழு மருந்து விஷயத்தில் அவசரம் கூடாது. மூளையில் பை இருக்கும்போது பிரசிகுவான்டெல் கொடுத்தால் பை செத்து, சுற்றி வீக்கம் வந்து, வலிப்பு கிளம்பலாம். தலையைப் படம் எடுத்து, ஸ்டீராய்டு துணையோடு, மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும்.

உறைய வைத்துக் கொல்வதற்கான கணக்கு: மைனஸ் 5 டிகிரியில் 4 நாள், மைனஸ் 15-ல் 3 நாள், மைனஸ் 24-ல் 1 நாள். உயிருள்ள பன்றியில் நாக்கை இழுத்து அடிப்பக்கம் தடவிப் பார்ப்பார்கள். தட்டுப்பட்டால் கிட்டத்தட்ட உறுதி. தட்டுப்படாவிட்டால் அதை நம்பக் கூடாது, குறைந்த எண்ணிக்கையில் இருப்பவை தப்பிவிடும்.

மாட்டு நாடாப்புழு வேறு இனம். அதன் முட்டையால் மனிதருக்குப் பை வருவதில்லை.

ஈரலில் வரும் ஹைடாடிட் நீர்க்கட்டியையும் சொல்லிவிடுகிறேன். செம்மறியின் ஈரல், நுரையீரலில் பை. அதை நாய் தின்றால் நாய்க்குள் புழு. நாயின் மலத்து முட்டையால் மனிதருக்குப் பை. அறுத்த இடத்துக் கழிவை நாய்க்குப் போடாமல் இருந்தாலே சுழற்சி அறுந்துவிடும். நாய் தின்று முட்டை இடத் தொடங்க ஆறு வாரம் போல் ஆகும், அதனால் நோய் மிகுந்த இடங்களில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிரசிகுவான்டெல். மனித ஈரலில் ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்ததும் ஊசியை விடுவது ஆபத்து. கசிந்தால் ஒவ்வாமை அதிர்ச்சி, வயிறெங்கும் புதுப் பைகள். ஹைடாடிட் இல்லை என்று தெரிந்த பிறகே ஊசி, அல்லது ஆல்பெண்டசோல் காப்போடு பழகிய கையால்.

#14 ஊசிமுனை

முதல் பதிவில் "வரிசையில் ஏறுகிறதா" என்று இருந்தது, அதை யாரும் விரிக்கவில்லை.

விரலில் ஒரு புண், அங்கிருந்து முன்கை வழியே முழங்கை நோக்கி நாலைந்து முடிச்சு, மணி கோத்தது போல். நிணநீர்க் குழாய் வழியே கிருமி ஏறிய தடம் அது. மனிதரில் முதலில் நினைக்க வேண்டியது ஸ்போரோடிரைகோசிஸ் என்ற பூஞ்சை. முள் குத்தி வருவது பழைய வழி. பிரேசிலில் பூனை வழியே பெரிய அளவில் பரவிய இனமும் உண்டு. பூனையின் முகத்தில், மூக்கில், பாதத்தில் ஆறாத கசியும் முடிச்சு இருக்கும். அந்தக் கசிவில் பூஞ்சை ஏராளம், கீறினாலும் கடித்தாலும், தும்மல் கண்ணில் தெறித்தாலும் ஒட்டும். இட்ராகோனசோல் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். முடிச்சு மறைந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும், மறைந்த பின்னும் 2 முதல் 4 வாரம் தொடர வேண்டும்.

இதே வரிசை மீன் தொட்டியில் கைவிட்டவருக்கும் வரும். மைக்கோபாக்டீரியம் மரினம், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. இது 30 முதல் 33 டிகிரியில் வளரும். ஆய்வகம் வழக்கம்போல் 37 டிகிரியில் வைத்தால் "வளர்ச்சி இல்லை" என்றே அறிக்கை வரும், நோயாளி மாதக்கணக்கில் அலைவார். விண்ணப்பத்தில் "மீன் தொட்டி" என்று இரண்டு சொல் எழுதுவது தீர்க்கும்.

குதிரையின் காலில் இதே மணிக்கோவை தெரிந்து, உடைந்து தேன் நிறத்தில் ஒட்டும் சீழ் வந்தால் நிறுத்துங்கள். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் இல்லை என்று உறுதியாகும் வரை யாரும் கீற வேண்டாம். மனிதருக்கு வரும், ரத்தத்தில் பரவிச் சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும், திறந்த மேசையில் வளர்த்தால் ஆய்வகத்தாருக்கே தொற்றும். உடனே அரசுக் கால்நடைத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய் இது. கறக்கும் மாட்டின் லம்ப்பிக்கும் அதே அறிவிப்புக் கடமை பல நாடுகளில் உண்டு.

#15 மஞ்சணத்தி

நாய்க்கு வரும் கட்டிகளும் தாவுமா? குழந்தைகள் கட்டிப்பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

#16 ஊசிமுனை

புற்றுக்கட்டி தாவாது, கொழுப்புக் கட்டியும் தாவாது. மாட்டின் மருவும் மனிதருக்கு வராது, பாப்பிலோமா வைரஸ் பெரும்பாலும் தன் இனத்தோடு நிற்கும். நாயிடமிருந்து குழந்தைக்கு எளிதில் வருவது படர்தாமரை, அது கட்டி இல்லை.

ஆனால் நாய்க்கே ஆபத்தான ஒரு தவறு நடக்கிறது. மெத்தென்று நகர்ந்தால் கொழுப்புக் கட்டி என்று கையால் தீர்ப்புச் சொல்லிவிடுவது. மாஸ்ட் செல் புற்று, அதாவது ஒவ்வாமையில் வீக்கம் தரும் ஹிஸ்டமினைக் கொட்டும் செல்களில் வரும் புற்று, அச்சாக அப்படியே இருக்கும். ஒரு குறிப்பு: தடவிப் பார்த்த சில நிமிடத்தில் சிவந்து வீங்கினால், அல்லது ஒரு நாள் பெரிதாகி மறுநாள் சுருங்கினால் அது ஹிஸ்டமின் வேலை. அழுத்திப் பிசையக் கூடாது. ஒரு செ.மீ. தாண்டியதும், ஒரு மாதம் நின்றதும் எதுவானாலும் ஊசிச் சோதனை செய்ய வேண்டும்.

22 முதல் 25 கேஜ் ஊசி, 5 அல்லது 10 மி.லி. சிரிஞ்ச். கட்டியை விரலால் பிடித்து நிறுத்தி, உள்ளே குத்தி, வெளியே எடுக்காமலே மூன்று நான்கு திசையில் திருப்புங்கள். உறிஞ்சினால் எடுக்கும் முன் உறிஞ்சலை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் செல்கள் சிரிஞ்சுக்குள் போய்விடும். சிரிஞ்சைக் கழற்றி, காற்று நிரப்பி, மீண்டும் மாட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ஊதி, இன்னொரு தகட்டால் மெல்ல இழுங்கள். காற்றில் உலர விடுங்கள், பிறகு ஜீம்சா சாயம்.

#17 நெறிக்கோல்

ஊசிமுனை சொன்னதோடு மாதிரி அனுப்புவதில் நடக்கும் பிழைகளையும் சேர்க்கிறேன், எந்த விலங்கானாலும் மனிதரானாலும் ஒன்றுதான்.

முழுக் கட்டியையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புக்கு வாய்ப்பு முடிந்தது, எல்லாம் செத்திருக்கும். எடுத்த உடனே இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒரு பாதி 10 விழுக்காடு ஃபார்மலினில், திசுவைப் போல் பத்து மடங்கு திரவம். மறு பாதி நுண்ணுயிர் நீக்கிய உப்பு நீர் சில சொட்டு விட்ட குப்பியில், குளிர்ச்சியாக. பெரிய கட்டி என்றால் ஒரு செ.மீ.க்கு ஒரு வெட்டு போட்டுவிட்டு மூழ்க வையுங்கள். ஃபார்மலின் மணிக்கு ஒரு மி.மீ. அளவில்தான் ஊறும், நடுப்பகுதி அழுகிவிடும்.

உலர வைத்த ஊசிச் சோதனைத் தகடுகளை ஃபார்மலின் குப்பியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசிந்து தகட்டைக் கெடுக்கும், சாயம் பிடிக்காது, நீலப் படலமாகத் தெரியும். தகடு தனிப் பெட்டி, குப்பி தனிப் பெட்டி. தகட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை சாயத்தில் கரைந்துவிடும்.

#18 கறவைமடி

விரலில் முண்டு வந்தவருக்கு எந்தப் பாதி?

#19 தோல்_வெளி

அதற்கு வெட்டவே வேண்டாம். விழும் பொருக்கை உலர்ந்த, ஊடகம் எதுவும் ஊற்றாத குப்பியில் எடுத்தால் பிசிஆருக்குப் போதும். குப்பியின் மேல் "கறவை, காம்பில் லாட வடிவப் பொருக்கு, 9-ம் நாள்" என்று எழுதுங்கள். அதே நாளில் மாட்டின் காம்புப் பொருக்கையும் இன்னொரு குப்பியில் எடுத்து, இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். அந்தப் பசுவைக் கடைசியாகக் கறக்கட்டும், கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கட்டும், புண் ஆறும் வரை கையுறையோடு.